சிம் எங்கே போச்சு? – பயணத்துக்கு முன்னாடி ஒரு முப்பது வருஷக் கதை

பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்னா போன், டிவி, இன்வெர்ட்டர், கேஸ் புக்கிங் எல்லாமே அத்துப்படின்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை. நான் சென்னையில ஆணி புடுங்கிட்டு இருந்தாலும் வடலூர்லேர்ந்து போன் வர்றது நிக்காது. சொந்தக்காரங்க, பக்கத்துத் தெரு அண்ணனுங்க, கூடப் படிச்சவனோட மாமா, எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு மூணு வருஷமா அடிக்கடி வர்ற கேள்வி இது: "தம்பி, அடுத்த மாசம் சிங்கப்பூர் போறேன். என் போன்ல இ-சிம் வருமா வராதா?"

பதில் ரொம்பச் சின்னது. நம்பர் அடிக்கிற இடத்துக்குப் போய் *#06# அடிங்க. ஐ.எம்.இ.ஐ. நம்பரோட சேர்ந்து இ.ஐ.டி.ன்னு 32 இலக்கத்துல நீளமா ஒரு நம்பர் வந்தா உங்க போனுக்குள்ள இ-சிம் சிப்பு இருக்கு. வரலைன்னா அநேகமா இல்ல. அவ்ளோதான், பதிவு முடிஞ்சுது, கெளம்புங்க :-)

நிக்கிறவங்களுக்கு மட்டும் மீதிக் கதை. "இந்த போன் அந்த ஊர்ல வேலை செய்யுமா?"ங்கிறது புதுக் கேள்வியே கிடையாது. இந்தியாவுக்கு செல்போன் வந்த 1995லேர்ந்து, பெட்டி கட்டுற ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு வடிவத்துல இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருகாலத்துல அலைவரிசை, அப்புறம் லாக், அப்புறம் அட்டையோட அளவு, இப்ப இ-சிம். எல்லாத்துக்கும் அடியில இருக்கிற விஷயம் ஒண்ணுதான்: நம்ம நம்பர் எங்க குடியிருக்கு? போனுக்குள்ளயா, நம்ம சட்டைப்பையில இருக்கிற அட்டையிலயா, இல்ல கம்பெனிக்காரன்கிட்டயா? இதைப் புரிஞ்சுகிட்டா *#06# அடிச்சதுக்கு அப்புறம் வேற என்னென்ன பாக்கணும்னு தானா விளங்கிடும்.

அட்டை பிறந்த கதை

ஆரம்ப கால கார்போன்கள்ல நம்பர் போனோட ஒட்டிப் பிறந்தது. போனை மாத்தினா நம்பரும் போச்சு. ஐரோப்பாக்காரங்க 1980கள்ல ஜி.எஸ்.எம். முறையைத் திட்டம் போட்டப்போ ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. போன் வேற, போன் வச்சிருக்கிற ஆள் வேறன்னு ரெண்டையும் பிரிச்சாங்க. ஆளோட அடையாளத்தை ஒரு சின்ன சிப்புல போட்டு, அதை அட்டையில ஒட்டிக் கையில குடுத்தாங்க. அதுதான் சிம்.

1991ல ஜெர்மனியில மியூனிக் நகரத்து கீஸெக்கே அண்ட் டெவ்ரியண்ட் கம்பெனி முதல் சிம் அட்டைகளைச் செஞ்சது. முதல் 300 அட்டையை வாங்கினது பின்லாந்தோட ரேடியோலிஞ்யா. அதே வருஷம் ஜூலை 1ம் தேதி உலகத்தோட முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு நடந்ததும் அவங்க நெட்வொர்க்லதான். அப்ப சிம் அட்டை முழு ஏ.டி.எம். கார்டு சைஸ். அப்படியே போனுக்குள்ள சொருகுவாங்களாம்.

அந்தச் சிப்புக்குள்ள முக்கியமா ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு ஐ.எம்.எஸ்.ஐ.ங்கிற அடையாள எண். இன்னொண்ணு ஒரு ரகசியச் சாவி. நெட்வொர்க் ஒரு எண்ணைக் குடுத்து "இதுக்கு விடை சொல்லு"ன்னு கேக்கும். அட்டை தன்கிட்ட இருக்கிற சாவியை வச்சுக் கணக்குப் போட்டு விடையை மட்டும் சொல்லும். சாவி வெளியவே வராது. விடை சரியா இருந்தா உள்ள விடுவாங்க. இதுல போனுக்கு வேலை கிட்டத்தட்ட வாட்ச்மேன் வேலைதான். கேள்வியை உள்ள குடுத்து, விடையை வெளிய வாங்கித் தரும்.

அதனால அட்டையைக் கழட்டி யார் போன்ல போட்டாலும் அது உங்க போன் ஆயிடும். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். நமக்கு இது ரொம்ப சாதாரணமாத் தெரியும். ஆனா இந்தச் சுதந்திரம் எல்லா எடத்துலயும் இருக்கல. சொல்றேன்.

சென்னை டு வடலூர் – அதுவும் ரோமிங்தான்

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலேர்ந்து டெல்லியில இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவோட முதல் செல்போன் அழைப்பு அது. அதே வருஷம் சென்னையில ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார்னு ரெண்டு கம்பெனி கடை திறந்தாங்க. பேசினாலும் காசு, யாராவது கூப்பிட்டாலும் காசு. இன்கமிங் இலவசம் ஆனது 2003 மே மாசத்துலதான். அதுவரைக்கும் போன் அடிச்சா நம்பரைப் பாத்துட்டு கட் பண்ணி, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் பேசுற ஆளுங்க நெறைய.

இன்னைக்கு இருக்கிற பசங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. சென்னை தனி வட்டம், மிச்சத் தமிழ்நாடு தனி வட்டம். லைசென்ஸ் வேற, கம்பெனி வேற. ஏர்செல் 1999ல தமிழ்நாட்டு வட்டத்துல இறங்கின கம்பெனி. 2003ல ஆர்.பி.ஜி.யை வாங்கினதுக்கு அப்புறம்தான் அது சென்னைக்குள்ளயே போச்சு. ஆக, சென்னை சிம்மை எடுத்துக்கிட்டு சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வடலூர் நாலுமுனைச் சந்திப்புல வந்து இறங்கினா, கணக்குப்படி நீங்க வெளியூர்க்காரர். ரோமிங் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் பஸ் ஏறணும். 2005லதான் ரெண்டு வட்டத்தையும் அழைப்புக் கட்டணத்துக்கு ஒண்ணாச் சேத்தாங்க.

பயணத்துக்கு முன்னாடி போனைச் சோதிக்கிற பழக்கம் நமக்குக் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுலயே ஆரம்பிச்சிருச்சு. ஏர்போர்ட்டெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான் :-)

சிம் இல்லாத முதல் போன்

"சிம் இல்லாத போன்"னு இப்ப ஆச்சரியமாப் பேசுறோமே, அதை நம்ம ஊரு 2003லயே பாத்தாச்சு. 2002 டிசம்பர் 28ல ரிலையன்ஸ் இன்போகாம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் 'மான்சூன் ஹங்காமா'ன்னு ஒரு திட்டம், 501 ரூபா கட்டினா போன் கையில. அதுவரைக்கும் காண்ட்ராக்டர், டாக்டர் கையில மட்டும் இருந்த செல்போன் மளிகைக்கடை அண்ணாச்சி கைக்கும் வந்தது அப்பத்தான். டாடா இண்டிகாமும் அதே வழி.

அதெல்லாம் சி.டி.எம்.ஏ. ரகம். அந்தப் போன்கள்ல அட்டை போடுற இடமே கிடையாது. நம்பரை ஷோரூம்ல வச்சு போனுக்குள்ளயே ஏத்திடுவாங்க. போன் பழுதாச்சுன்னா நம்பரும் அதோட சேர்ந்து கடையில படுத்துக்கும். வேற கம்பெனிக்கு மாறணும்னா போனைத் தூக்கிப் போடணும். வெளிநாடு? அந்தப் போனை வளைகுடாவுக்கு எடுத்துட்டுப் போனவங்க அலாரம் வைக்கத்தான் வச்சிருந்தாங்க.

விலை சல்லிசு, ஆனா நம்பர் கம்பெனிக்காரன் பெட்டியில. சிம் அட்டை போட்ட போன்ல விலை கூட, நம்பர் நம்ம கையில. எங்க மாவட்டத்துல லால்பேட்டை, பரங்கிப்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருக்கிற ஊர்கள் உண்டு. அங்க இந்த வித்தியாசத்தை யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. லீவுல ஊருக்கு வந்ததும் அங்கத்து சிம்மைக் கழட்டி, செல்லோடேப் போட்டு பாஸ்போர்ட் உறைக்குள்ள ஒட்டி வைப்பாங்க. இங்கத்து சிம்மைப் போட்டுப் பேசுவாங்க. திரும்பிப் போறப்போ பிளைட்டுக்குள்ள மாத்திக்குவாங்க. நகத்தளவு பிளாஸ்டிக், ரெண்டு நாடு.

அலைவரிசை, லாக், அளவு

ஜி.எஸ்.எம். போன் இருந்தா உலகம் முழுக்க ஓடும்னும் சொல்ல முடியாது. இந்தியா, வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா எல்லாம் 900, 1800 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 850, 1900. நம்மாளுங்க 2000கள் ஆரம்பத்துல ஆன்சைட் போனப்போ கையில இருந்த நோக்கியா 3310 அங்க செத்த போன். டிரை-பேண்டா, குவாட்-பேண்டான்னு பெட்டி அட்டையைத் திருப்பிப் பாத்து வாங்கின காலம். ஜப்பான், கொரியாவுல ஜி.எஸ்.எம்.மே கிடையாது, என்ன பேண்ட் இருந்தாலும் பிரயோசனம் இல்ல.

அமெரிக்காவுலேர்ந்து ஆசையா வாங்கிட்டு வந்த போனுக்கு வேற ஒரு வியாதி: லாக். குறைஞ்ச விலைக்குப் போனைக் குடுத்த கம்பெனி, தன்னோட சிம்மைத் தவிர வேற எதையும் ஏத்துக்காதபடி பூட்டி வச்சிருப்பான். அதை உடைக்கத்தான் பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள்ல கூட்டம்.

அப்புறம் அளவு. ஏ.டி.எம். கார்டு சைஸ் சிம், 25-க்கு 15 மில்லிமீட்டர் மினி சிம் ஆச்சு. 2010ல ஐபோன் 4 மைக்ரோ சிம்மைக் கொண்டு வந்தது, 2012ல ஐபோன் 5 நானோ சிம்மை. செல்போன் கடைகள்ல ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கட்டர் வச்சிருப்பாங்க, படக்குன்னு அமுக்கினா மினி மைக்ரோ ஆயிடும். திரும்ப பழைய போன்ல போடணும்னா அதுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம். ஒட்டு மொத்த தேசமும் சிம்மைக் கத்தரிச்சு விளையாடிய காலம் அது. அதுலயும் பாருங்க, அட்டை எவ்ளோ சின்னதானாலும் அதைக் கழட்டுற உரிமை நம்மகிட்டதான் இருந்தது.

சிங்கப்பூர் போறவங்களுக்கு இன்னொரு வெடி 2017 ஏப்ரல்ல. அங்க 2ஜி சேவையையே மூடிட்டாங்க. பேட்டரி நாலு நாள் நிக்குதேன்னு நோக்கியா 1100ஐ எடுத்துட்டுப் போயிருந்தா சிம் இருக்கும், நம்பர் இருக்கும், டவர் இருக்காது.

ஊரே *#06# அடிச்ச வருஷம்

2009 கடைசி ஞாபகம் இருக்கா? சீனா போன்கள் கொட்டிக் கிடந்த நேரம். ஸ்பீக்கர் வச்சா தெருவே கேக்கும், டார்ச் அடிக்கும், விலை ஆயிரத்துச் சொச்சம். நெறைய போன்கள்ல ஐ.எம்.இ.ஐ. நம்பர் இல்ல, இருந்தாலும் போலி. மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் பாதுகாப்புக் காரணம் சொல்லி, 2009 நவம்பர் 30 நள்ளிரவுக்கு மேல ஐ.எம்.இ.ஐ. இல்லாத போன்களுக்கு இணைப்பை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. தமிழ்நாடே *#06# அடிக்கக் கத்துக்கிட்டது அப்பத்தான். வெறும் சைபரா வந்தவங்க 199 ரூபா குடுத்து நிஜ நம்பர் ஏத்திக்கிட்டாங்க.

அதே கோட்தான் இன்னைக்கு இ.ஐ.டி.யையும் காட்டுது. அப்ப போனோட ஜாதகத்தைப் பாத்தோம். இப்ப போனுக்குள்ள சிப்பு இருக்கான்னு பாக்கிறோம்.

ரெண்டு சிம் ஏன் தேவைப்பட்டது

ரெண்டு சிம் போனை உலகத்துல யார் கேட்டா? நம்மாளுங்கதான். ஒரு கம்பெனியில பேசக் காசு கம்மி, இன்னொண்ணுல எஸ்.எம்.எஸ். பூஸ்டர். ஸ்ரீபெரும்புதூர்ல 2006லேர்ந்து லட்சக்கணக்குல போன் செஞ்சு தள்ளின நோக்கியா இந்த விஷயத்துல மெத்தனமா இருந்தது. மைக்ரோமேக்ஸும் சீனாக்காரங்களும் சந்தையைக் கொத்திக்கிட்டுப் போனப்புறம், 2010லதான் ரெண்டு சிம் போன் அறிவிச்சாங்க. அந்தத் தொழிற்சாலை 2014 நவம்பர் 1ல மூடினது தனிக் கதை, தனி சோகம்.

ரெண்டு சிம்முக்கு அப்புறம் வந்த காரணம்தான் பெருசு: ஓ.டி.பி. 2009 ஆகஸ்ட்லேர்ந்து இணையத்துல கார்டு போட்டு வாங்கினா கூடுதல் சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது. அப்புறம் ஆதார், அப்புறம் 2016ல யு.பி.ஐ. பேசுறதுக்குன்னு வாங்கின நம்பர், பேங்க் லாக்கர் சாவி ஆயிடுச்சு. வெளிநாட்டுல இருக்கிறவர் ஊர் நம்பரை உயிரோட வச்சிருந்தாத்தான் இங்க பொண்டாட்டிக்குப் பணம் அனுப்பவோ, எல்.ஐ.சி. கட்டவோ முடியும். ஒரு சிம் ஊருக்கு, ஒரு சிம் அங்க.

நம்பர் போனா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு 2018 பிப்ரவரியில தெரிஞ்சது. ஏர்செல் சிக்னல் திடீர்னு போச்சு, கம்பெனி திவால் மனு போட்டது. வேற கம்பெனிக்கு மாறணும்னா போர்ட் கோடு வேணும். கோடு வேணும்னா அந்த நம்பர்லேர்ந்து எஸ்.எம்.எஸ். அனுப்பணும். எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னா சிக்னல் வேணும்! பேசுறதுக்கு வேற சிம் வாங்கிக்கலாம். பேங்க்ல குடுத்த நம்பருக்கு எங்க போறது?

இப்ப "இ-சிம் வருமா?"ங்கிற கேள்வியோட கனம் புரியுதா. ஊர் சிம் ஓ.டி.பி.க்காக ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கு, போற நாட்டு டேட்டாவுக்கு இன்னொரு இடம் வேணும். நெறைய போன்ல அந்த ரெண்டாவது இடம்தான் இ-சிம்.

சிப்பு உள்ளே போன கதை

இ-சிம்மை முதல்ல யோசிச்சது மனுஷனுக்காக இல்ல, மெஷினுக்காக. கார், மின் மீட்டர், லாரி டிராக்கர் இதுலயெல்லாம் சிம்மை மாத்த ஒவ்வொரு இடமா ஆள் அனுப்ப முடியுமா? சிப்பை போர்டுலயே பத்தவச்சுட்டு, உள்ளே இருக்கிற கணக்கை மட்டும் தூரத்துலேர்ந்து மாத்தலாம்னு ஏற்பாடு. ஆபரேட்டர்களோட உலகச் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. இதுக்கு விதிமுறை வகுத்தது. 2016ல சாதாரண ஆளுங்க சாதனங்களுக்கும் விதி வந்தது. சாம்சங் கியர் எஸ்2 வாட்ச், 2017ல கூகுள் பிக்சல் 2, 2018ல ஐபோன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர்.னு வரிசையா வந்தாச்சு.

வேலை செய்யுற விதம் சுலபம். கியூ.ஆர். கோடுக்குள்ள ஒரு சர்வர் விலாசமும் ஒரு ரகசியக் குறியும் இருக்கும். போன் அந்த சர்வர்கிட்ட போய்த் தன் இ.ஐ.டி.யைக் காட்டும். சர்வர் அந்த ஒரு சிப்பு மட்டும் பிரிக்கக்கூடிய மாதிரி பூட்டி, சிம் கணக்கை அனுப்பும். பழைய சிம்முல இருந்த அதே அடையாள எண், அதே ரகசியச் சாவி. அட்டையில வந்தது இப்ப டவுன்லோடா வருது. ஒரு சிப்புல பல கணக்கு வச்சுக்கலாம்.

இங்கதான் பழைய சண்டை திரும்ப வந்தது. 2014ல ஆப்பிள் ஐபேடுக்கு 'ஆப்பிள் சிம்'னு ஒண்ணு குடுத்தாங்க, கம்பெனியை நீங்களே திரையில தேர்ந்தெடுத்துக்கலாம். அமெரிக்காவுல ஏ.டி. அண்ட் டி.யைத் தேர்ந்தெடுத்தா அந்த அட்டை அவங்களுக்கே பூட்டிக்கும்! 2018ல, ஆபரேட்டர்கள் சேர்ந்து இ-சிம் விதிமுறையைத் தங்களுக்குச் சாதகமா வளைக்கிறாங்களான்னு அமெரிக்க நீதித்துறை விசாரணை நடத்துற செய்தி வெளிய வந்தது. 2019 நவம்பர்ல, விதி வகுக்கிற முறையை மாத்திக்கிறோம்னு ஜி.எஸ்.எம்.ஏ. ஒத்துக்கிட்டதோட அது முடிஞ்சது. சாவி யார் கையிலங்கிற தகராறுதான், வேறென்ன.

நம்ம ஊருக்கு வந்த விதம்

இந்தியாவுல 2018 மே மாசம் தொலைத்தொடர்புத் துறை இ-சிம்முக்கு அனுமதி குடுத்தது. அப்ப அது ஆப்பிள் வாட்ச்சுக்காக ஏர்டெல், ஜியோ குடுத்த சமாச்சாரம். பின்னாடி வோடபோன் ஐடியாவும் சேர்ந்தது. பி.எஸ்.என்.எல். 2025 ஆகஸ்ட்ல முதல்ல தமிழ்நாட்டுலதான் இ-சிம் ஆரம்பிச்சது, அக்டோபர்ல நாடு முழுக்க.

இதுல என்ன பெருசுன்னு கேப்பீங்க. 2025 செப்டம்பர்ல ஐபோன் 17 வந்தப்போ சவுதி, துபாய் இருக்கிற அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன்ல விக்கிறதுல அட்டை சொருகுற இடத்தையே எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல 2022லயே ஐபோன் 14ல இதைப் பண்ணியாச்சு. துபாய்லேர்ந்து பையன் அப்பாவுக்கு ஆசையா போன் அனுப்புவான். இருபது வருஷ பி.எஸ்.என்.எல். சிம்மைக் கையில வச்சுக்கிட்டு அவர் ஊசியோட ஓட்டையைத் தேடினா ஓட்டையே இருக்காது. அவருக்கு பி.எஸ்.என்.எல். இ-சிம் வந்தது பெரிய சேதிதானே. ஆக, போறவங்க மட்டும் இல்ல, வெளிநாட்டுலேர்ந்து போன் வாங்கிட்டு வரச் சொல்றவங்களும் சோதிச்சுக்கணும்.

எதிர்க் கூத்தும் உண்டு. சீனாவுல விக்கிறதுக்குன்னு வந்த ஐபோன்கள்ல பல வருஷமா ரெண்டு நானோ சிம் இடம் இருக்கும், இ-சிம் இருக்காது. பேரு ஒண்ணு, போன் வேற. அதனால "ஐபோன் எக்ஸ்.ஆர். இருக்கு, இ-சிம் வரும்"னு மாடல் பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க ரெண்டு தடவை பாருங்க.

சரி, கெளம்புறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

1. *#06# அடிச்சு இ.ஐ.டி. வருதான்னு பாருங்க. ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போனாலும் தெரியும். ஆண்ட்ராய்டுல சிம் செட்டிங்ஸ்ல 'ஆட் இ-சிம்'னு இருக்கணும்.

2. லாக் இருக்கான்னு பாருங்க. ஐபோன்ல அதே அபௌட் பக்கத்துல 'கேரியர் லாக்'குக்கு நேரா 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்'னு இருக்கணும். லாக் இருந்தா இ-சிம் சிப்பு இருந்தும் வெளி நாட்டு சிம் ஏறாது. 2002 வியாதி இன்னும் போகல.

3. வெளிநாட்டு இ-சிம்மை எங்க வாங்குறீங்கன்னு பாருங்க. 2024 ஜனவரியில ஏராலோ, ஹோலாஃப்ளைங்கிற ரெண்டு ஆப்பையும் நம்ம அரசாங்கம் சொல்லி ஆப் ஸ்டோர்கள்லேர்ந்து எடுத்தாங்க. இங்க வெளிநாட்டு சிம் விக்கத் தொலைத்தொடர்புத் துறையோட தடையில்லாச் சான்று வேணும்ங்கிறதுதான் காரணம். போற நாட்டு ஆபரேட்டர்கிட்ட நேரா வாங்குறது ஒரு வழி.

4. டவுன்லோட் பண்ண இன்டர்நெட் வேணும். கியூ.ஆர். கோடு அதே போன்ல இருந்தா அதை எதை வச்சு ஸ்கேன் பண்றது? ஒரு பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. பல கோடு ஒரே தடவைதான் வேலை செய்யும். இறங்கின அவசரத்துல அழிச்சுட்டா புதுசாத்தான் கேக்கணும்.

5. இதுதான் முக்கியம். ஊர் சிம்மை இ-சிம்மா மாத்துறதா இருந்தா பயணத்துக்கு ரொம்ப முன்னாடியே பண்ணிடுங்க. இந்தியாவுல சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைப்பாங்க. மோசடியைத் தடுக்க வச்ச நல்ல விதிதான். ஆனா ஏர்போர்ட் போற வழியில மாத்தினீங்கன்னா ஒரு நாள் முழுக்க ஓ.டி.பி. வராது. இன்டர்நேஷனல் ரோமிங்கும் இங்கேயே ஆன் பண்ணிடுங்க.

6. யாராவது போன் பண்ணி "உங்க சிம்மை இ-சிம்மா மாத்தித் தர்றோம், வந்த நம்பரைச் சொல்லுங்க"ன்னா பட்டுனு வச்சுடுங்க. சொன்னா உங்க நம்பர் அவன் போனுக்குக் குடி போயிடும்.

கழட்ட முடியாத அட்டை

2011 டிசம்பர் 30, தானே புயல். நான் அப்ப ஸ்கூல் பையன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்தது, எங்க மாவட்டத்துல பல ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. போன் பேட்டரி செத்துப்போச்சு. எங்க தெருவுல ஒரு வீட்டுப் போன்ல மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. ஒவ்வொருத்தரா வந்து தன் சிம்மைக் கழட்டி அந்தப் போன்ல போட்டு, வெளிநாட்டுல இருக்கிற மகனுக்கு, புருஷனுக்கு "நல்லா இருக்கோம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடுத்த ஆளுக்குக் குடுத்தாங்க. ஒரே போன் அன்னைக்குப் பத்து வீட்டுப் போனா இருந்தது.

இ-சிம்முல இது நடக்காது. போன் செத்தா நம்பரும் உள்ளே மாட்டிக்கும். புது போனுக்கு மாத்தணும்னா ஆப்புல போகணும், இல்ல கஸ்டமர் கேர், இல்ல ஷோரூம். பாதி வழியில ஒரு ஓ.டி.பி. கேக்கும், அது அந்தச் செத்த நம்பருக்கே போகும். வெளிநாட்டுல தங்குற விடுதியில கீழே விழுந்து ஸ்கிரீன் உடைஞ்ச போனை வச்சுக்கிட்டு இதைப் பண்ணிப் பாருங்க, தெரியும். சி.டி.எம்.ஏ. போனோட பழைய நிலைமை கொஞ்சம் நாகரிகமா திரும்பி வந்த மாதிரித்தான்.

அதுக்காக இ-சிம் வேண்டாம்னு சொல்ல வரல. திருடன் போனைத் தூக்கினா அட்டையைக் கழட்டி வீச முடியாது, உங்க சிம்மை வேற போன்ல போட்டு ஓ.டி.பி. வாங்கவும் முடியாது. சின்ன அட்டையைத் தொலைக்கிற பயம் இல்ல. நாலு நாடு போறவங்களுக்கு நாலு கணக்கும் ஒரே போன்ல. வளைகுடா நாடுகள் போற வேகத்தைப் பாத்தா, வேண்டாம்னு சொன்னாலும் அட்டை ரொம்ப நாள் நிக்கப் போறதில்ல.

என்கிட்ட கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ரெண்டு விதமும் எடுக்கிற போன்னா ஓ.டி.பி. வர்ற ஊர் நம்பரை அட்டையாவே வச்சிருங்க. போற நாட்டு டேட்டா சிம்மை இ-சிம்மா ஏத்துங்க. டேட்டா சிம் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். போன் உடைஞ்சா ஊர் அட்டையைக் கழட்டி ரூம்ல கூட இருக்கிறவர் போன்ல போட்டு வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். அட்டை போடவே இடமில்லாத போன்னா, ஆபரேட்டர் ஆப்போட பாஸ்வேர்டையும் கணக்குல இருக்கிற ஈமெயிலையும் ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போங்க. பாஸ்போர்ட் உறைக்குள்ள சிம் ஒட்டி வச்ச ஆளுங்க செஞ்ச முன்யோசனைக்கு இன்னைய வடிவம் அந்தப் பேப்பர்தான்.

வீட்டுல வெளிநாடு போற ஆள் யாராவது இருந்தா, இந்த 5-வது பாயிண்ட்டை மட்டுமாவது சொல்லி அனுப்புங்க. வர்ட்டா!

டிஸ்கி: "*#06# அடிச்சா காசு போகுமா?"ன்னு ஒருத்தர் விடாம கேட்டுட்டே இருக்கார். போகாது மாமா, தைரியமா அடிங்க :-)